நீந்தும் டாங்கியை மாடலாகச் செய்வது: நாஞ்சில் நாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் மாடல் செய்கிறவர்கள் கைவிரலில் அடங்கும் கூட்டம். ஆனாலும் நீரிலும் நிலத்திலும் ஓடும் பிடி-76 டாங்கியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் கேள்விகள் நிற்பதில்லை. திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே பதிலோடு சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

டாங்கின்னா எத்தனையோ இருக்கு. எதுக்கு அண்ணாச்சி பிடி-76?

நம் ராணுவம் ஓட்டிய வண்டி என்பது ஒரு காரணம். மிதப்பதற்கென்றே உடம்பு வடிவமைக்கப்பட்ட வண்டி என்பது அதைவிடப் பெரிய காரணம். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் இறங்கிய ஷெர்மன் டிடி டாங்கியைச் சுற்றிலும் கான்வாஸ் திரை கட்டித்தான் மிதக்க வைத்தார்கள். ஒமாஹா கடற்கரையில் ஒரு பட்டாலியன் கடலில் இறக்கிய 29 டாங்கிகளில் 27 மூழ்கின. ஜப்பானியரின் கா-மி டாங்கிக்கு முன்னும் பின்னும் மிதவை மாட்ட வேண்டும், கரை ஏறியதும் கழற்றிவிட வேண்டும். 1950களின் தொடக்கத்தில் சோவியத் ராணுவத்தில் சேர்ந்த பிடி-76-க்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அதன் ஹல்லே, அதாவது உடற்கூடே, ஒரு வள்ளம். சுமார் 14 டன் எடை, 76.2 மி.மீ. பீரங்கி, 240 குதிரைத்திறன் டீசல் எஞ்சின், மூன்று பேர் ஆட்கள். ரோட்டில் மணிக்கு 44 கி.மீ., தண்ணீரில் சுமார் 10 கி.மீ. இந்த மிதப்புக்கு விலையாகக் கவசத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அதன் இரும்புத் தகடு சாதாரணத் துப்பாக்கிக் குண்டையும் வெடிச் சிதறலையும்தான் தாங்கும்.

1971 போர்ல இது என்ன செஞ்சது?

கரீப்பூர் சண்டைதான் எல்லாரும் சொல்வது. அப்போதைய கிழக்கு பாகிஸ்தானில், ஜெஸ்ஸோர் பக்கம், 1971 நவம்பர் 20-21. போர் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது டிசம்பர் 3-ல்தான். 14-வது பஞ்சாப் பட்டாலியனோடு 45 கேவல்ரி என்ற டாங்கிப் படைப்பிரிவின் ஒரு ஸ்குவாட்ரன் 14 பிடி-76 டாங்கிகளுடன் உள்ளே போயிற்று. காலைப் பனிமூட்டத்தில் எதிரே வந்தவை அமெரிக்கத் தயாரிப்பான சாஃபி டாங்கிகள். சாஃபி படை கிட்டத்தட்ட முழுவதும் அழிந்தது. நம் ஸ்குவாட்ரனை நடத்திய மேஜர் தல்ஜித் சிங் நாரக் அங்கே உயிர் விட்டார். இறப்புக்குப் பின் மகாவீர் சக்ரா கிடைத்தது. டிசம்பரில் மேக்னா ஆற்றை நீந்திக் கடந்ததும் இந்த வகை டாங்கிதான். கரீப்பூர் காட்சியைச் செய்கிறீர்களா, ஆறு கடக்கும் காட்சியைச் செய்கிறீர்களா என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள். ஏன் என்று பின்னால் வருகிறது.

கிட் வாங்கணுமா, சொந்தமா செய்யலாமா?

ஷோகேஸில் வைக்கத்தான் என்றால் கிட், அதாவது பாகங்களைப் பெட்டியில் போட்டுத் தரும் செட். டிரம்பெட்டர் கம்பெனி 1/35 அளவில் பிடி-76-ஐயும் பிந்தைய பிடி-76பி-யையும் தனித்தனிப் பெட்டியாகப் போட்டிருக்கிறது. நாகர்கோவில் கடைகளில் தேடி நாளை வீணாக்க வேண்டாம், ஆன்லைனில் வரவழைப்பதுதான் வழி. பெட்டி வாங்கும்போது பீரங்கிக் குழாயின் நுனியைப் பாருங்கள். 1951 மாடலில் நுனி முழுக்க வரிசையாகக் கீறல் கீறலாக இருக்கும். பின்னால் வந்ததில் இரண்டு பெரிய திறப்புகளும், குழாயில் தடித்த புகை உறிஞ்சியும் இருக்கும். இந்தியாவுக்கு இந்த டாங்கி வந்ததே 1960களில். எனவே இந்திய வண்டி செய்ய இரண்டாவது வகையை எடுங்கள்.

தண்ணீரில் ஓட வேண்டும் என்றால் சொந்தமாகச் செய்வதே மேல். இரண்டுக்கும் ஒரே மாடல் போதும் என்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை, அடுத்த பதிலைப் படித்துப் பாருங்கள் என்பேன்.

எந்த அளவுல செஞ்சா மிதக்கும்?

எல்லா அளவிலும் மிதக்கும். சரியான மட்டத்தில் மிதக்குமா என்பதுதான் கேள்வி. இதில்தான் பெரும்பாலான மாடல்கள் தோற்கின்றன.

நீளம் 35-ல் ஒரு பங்காகக் குறையும்போது எடை 35-ல் ஒரு பங்காகக் குறைவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் 35 × 35 × 35, அதாவது 42,875-ல் ஒரு பங்காகக் குறைகிறது. 14,000 கிலோவை 42,875-ஆல் வகுத்தால் சுமார் 327 கிராம். 1/35 மாடல் 327 கிராம் இருந்தால் அசல் டாங்கி எவ்வளவு ஆழம் முங்குமோ அதே விகிதத்தில் முங்கும். அதைவிடக் குறைந்தால் தக்கைபோல மேலே நிற்கும், கூடினால் மூக்கு வரை தண்ணீர்.

மற்ற அளவுகளுக்கும் கணக்கு போட்டே தருகிறேன். 1/24 என்றால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 1/20 என்றால் 1,750 கிராம். 1/16 என்றால் 3,400 கிராம் சுற்று. ஹல் நீளம் அசலில் 6.91 மீட்டர், அகலம் 3.15 மீட்டர். 1/35-ல் இது 197 மி.மீ., 90 மி.மீ.; 1/16-ல் 432 மி.மீ., 197 மி.மீ.

1/35-ல் தண்ணீர்மட்டத்தில் ஹல்லின் பரப்பு ஏறக்குறைய 177 சதுர செ.மீ. எனவே ஒவ்வொரு 17-18 கிராமுக்கும் மாடல் ஒரு மில்லிமீட்டர் இறங்கும். கூடுதலாக 50 கிராம் பேட்டரி வைத்தால் மூன்று மில்லிமீட்டர் இறங்கும். அசலில் அது 10 செ.மீ. 1/16-ல் ஒரு மில்லிமீட்டர் இறங்க 85 கிராம் வேண்டும். பிழைக்கு அங்கே இடம் இருக்கிறது. முதல் முறை நீந்தும் மாடல் செய்கிறவருக்கு நான் 1/16-ஐச் சொல்வது இதனால்தான். தராசு இல்லாமல் வேலையைத் தொடங்கவே வேண்டாம். ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையல் தராசு போதும்.

1/35 கிட்டையே மிதக்க வைக்க முடியாதா?

முடியும். மோட்டார் இல்லாமல், பாத்திரத்துத் தண்ணீரில் வைத்துப் படம் எடுக்க என்றால் நன்றாகவே வரும். அடித்தட்டில் சக்கர அச்சு போகும் துளைகள் ஒவ்வொன்றையும் அரால்டைட் வைத்து உள்பக்கமாக அடைக்க வேண்டும். மேல்தட்டும் கீழ்த்தட்டும் சேரும் இடத்தில் பிளாஸ்டிக் கரைக்கும் பசையை இரண்டு தடவை ஓட்ட வேண்டும். எடை போதாமல் நிற்கும், ஈயக்குண்டுகளை அடித்தட்டில் பரப்பி ஒட்டி 327 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். மீன்பிடி சாமான் விற்கும் கடைகளில் ஈயம் கிடைக்கும். குளச்சலிலோ தேங்காய்ப்பட்டினத்திலோ கேட்டால் எந்தப் பொடி அளவும் எடுத்துத் தருவார்கள். ஒட்டுவதற்கு முன் மாடலைத் தண்ணீரில் வைத்து ஈயத்தை முன்னும் பின்னும் நகர்த்தி, அணியம் (முன்மூக்கு) தாழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பீரங்கி முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் மூக்குதான் முதலில் தாழும்.

1/16 ஹல்லை எதுல செய்ய?

பிவிசி ஃபோம் ஷீட் ஒரு வழி. போர்டு எழுதும் கடைகளில் துண்டு துண்டாகக் கிடக்கும், கேட்டால் சும்மாவே தருகிறவர்களும் உண்டு. கட்டர் பிளேடால் வெட்டலாம். பிளாஸ்டிக் கிட்டுக்கான பசை இதில் பிடிக்காது; பிளம்பர் வைத்திருக்கும் பிவிசி கம் அல்லது ஃபெவிக்விக் வேண்டும்.

என்னைக் கேட்டால் ஃபைபர்தான். கடற்கரை ஊர்களில் ஃபைபர் வள்ளம் கட்டுகிறவர்கள் இருக்கும் மாவட்டம் இது. நீந்தும் டாங்கி செய்ய நமக்கு இருக்கிற பெரிய வசதி வேறென்ன? அவர்களிடம் அரை நாள் நின்று பார்த்தால் போதும். மரத்தில் ஹல்லின் வடிவத்தைச் செதுக்கி, புட்டி போட்டு, கண்ணாடி மாதிரி தேய்த்து, வாக்ஸ் பூசிக்கொள்ளுங்கள். இதுதான் கரு. இதன்மேல் ஃபைபரைப் போட்டு அச்சு எடுத்து, அந்த அச்சுக்குள் மீண்டும் வாக்ஸ், ஜெல்கோட் (வெளிப்பூச்சு ரெசின்), பிறகு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கண்ணாடி இழை மேட் இரண்டு அடுக்கு. வள்ளத்துக்கு ஐந்தாறு அடுக்கு போட்டுப் பழகிய கை இன்னும் ரெண்டு போடு என்றுதான் சொல்லும். கேட்காதீர்கள். ரெசினும் மேட்டும் சேர்ந்து ஓர் அடுக்கு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ வரும். நம் ஹல்லின் மொத்தப் பரப்பு கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஆக இரண்டு அடுக்கில் ஹல் அரைக் கிலோ சுற்றி நிற்கும். மிச்சம் ஏறத்தாழ 2,800 கிராமில் மோட்டார், கியர், பேட்டரி, சக்கரம், ட்ராக் (சக்கரங்களைச் சுற்றும் பட்டை), டரட் (பீரங்கியோடு சுழலும் மேல்கூடு) எல்லாம் அடங்கியாக வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. ரெசினில் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். அடுத்தது, தெர்மோகோலில் கரு செதுக்கி அதன்மேல் பாலியெஸ்டர் ரெசின் ஊற்றினால் கரு கண்முன்னே கரைந்து ஓடிவிடும்.

குலசேகரம் பக்கம் எங்களுக்கு ரப்பர் தோட்டம் உண்டு. ரப்பர் பால்ல மோல்டு எடுக்கலாமா?

தாராளமாக. மரத்திலிருந்து இறக்கிய பால் அப்படியே சரிப்படாது. தண்ணீர் அதிகம், சில மணி நேரத்தில் திரிந்தும் போகும். அமோனியா சேர்த்துச் செறிவாக்கிய லேட்டக்ஸ் வேண்டும். சக்கரம், கருவிப்பெட்டி மாதிரி சின்னச் சாமான்களின்மேல் பிரஷ்ஷால் மெல்லிசாகப் பூசி, காய்ந்ததும் அடுத்த பூச்சு. எட்டுப் பத்துப் பூச்சுக்குப் பிறகு உரித்தால் கையுறை மாதிரி வரும். அதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி எடுக்கலாம். செம்பு, பித்தளைச் சாமான்மேல் நேரடியாகப் பூசாதீர்கள், செம்பு பட்டால் ரப்பர் சீக்கிரம் கெட்டுவிடும். கூர்மையான விளிம்பு முக்கியம் என்றால் சிலிக்கோன் ரப்பர்தான், அதற்குச் செலவு செய்தாக வேண்டும்.

சக்கரம், ட்ராக்ல எதைக் கவனிக்கணும்?

பக்கத்துக்கு ஆறு சக்கரம். மேலே ட்ராக்கைத் தாங்கும் சின்ன உருளைகள் கிடையாது, சக்கரங்களின் தலையிலேயே ட்ராக் கிடக்கும். இழுக்கும் பல்சக்கரம் பின்னால். பின்னாலிருந்து இழுப்பதால் தரைப் பக்கம் விறைப்பாகவும் மேல்பக்கம் தொய்வாகவும் இருக்கும். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே ட்ராக் லேசாகக் குழிந்து கிடப்பதைக் காட்டாவிட்டால் மாடல் பொம்மையாகத் தெரியும். ரப்பர் ட்ராக் என்றால் சக்கரத் தலைகளில் ஒரு சொட்டு பசை வைத்து, காயும் வரை பஞ்சை அடைத்து அமுக்கி வையுங்கள். இன்னொன்று, அசலில் அந்தச் சக்கரங்களே உள்ளே பொள்ளல், மிதப்புக்கு உதவட்டும் என்று. ஓடும் மாடலிலும் பொள்ளலாகச் செய்து இரண்டு பக்கமும் மூடினால் சில கிராம் மிச்சம்.

தண்ணீல எப்படி ஓட்டுறது? ட்ராக் சுத்தினா போதாதா?

போகும், ஆனால் நத்தைபோல. அசல் வண்டியில் அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கமாகப் பீய்ச்சும் இரண்டு வாட்டர்ஜெட் உண்டு. திருப்ப வேண்டிய பக்கத்து ஜெட்டின் மூடியை மூடினால் வண்டி அந்தப் பக்கம் திரும்பும். மூடிய ஜெட்டின் தண்ணீர் பக்கவாட்டுத் துளை வழியாக முன்னோக்கிப் பீய்ச்சும், பின்னால் போகவும் அதே வழிதான். மாடலில் மூடிகளை அசைக்கும் வேலைக்குப் போகாதீர்கள். இரண்டு சிறிய ஜெட் பம்புகள், இரண்டுக்கும் தனித்தனி ஸ்பீடு கன்ட்ரோலர், ரிமோட்டில் இரண்டையும் சேர்த்து இயக்கும் மிக்ஸிங். இடது மோட்டார் தணிந்தால் இடது பக்கம் திரும்பும். அவ்வளவுதான்.

வேகத்திலும் ஒரு கணக்கு உண்டு. அலை இயல்பாகத் தெரிய வேண்டுமானால் வேகத்தை 16-ஆல் வகுக்கக் கூடாது, 16-ன் வர்க்கமூலமான 4-ஆல் வகுக்க வேண்டும். அசல் வேகம் நொடிக்கு 2.8 மீட்டர், 1/16 மாடலுக்கு 0.7 மீட்டர். அதற்கு மேல் ஓட்டினால் ஸ்பீடு போட் ஆகிவிடும், மூக்கின்மேல் தண்ணீரும் ஏறும்.

அச்சு வெளியே வரும் இடத்தில் பித்தளைக் குழாய்க்குள் கிரீஸ் அடைத்துவிடுங்கள். எவ்வளவு அடைத்தாலும் கசியும். அசல் டாங்கியிலேயே உள்ளே சேரும் தண்ணீரை இறைக்க பம்பு வைத்திருக்கிறார்கள். ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸ் போதும். அந்த அலை தண்ணீருக்குள் போகாது, எனவே ரிசீவரின் ஆன்டெனா டரட்டுக்குள், தண்ணீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.

நீந்துற வண்டிக்கும் தரையில ஓடுற வண்டிக்கும் வெளிப்பார்வைக்கு என்ன வித்தியாசம்?

முதலிலேயே காட்சியைத் தீர்மானிக்கச் சொன்னது இதற்குத்தான். தரையில் ஓடும்போது முன்மூக்கில் இருக்கும் அலைத்தடுப்புப் பலகை மடங்கிக் கிடக்கும், பின்பக்க ஜெட் துளைகள் மூடியிருக்கும். தண்ணீரில் இறங்குமுன் பலகையை நிமிர்த்துவார்கள், ஜெட் மூடி திறக்கும், பம்புகள் ஓடத் தொடங்கும், டிரைவரின் நடுப் பெரிஸ்கோப்பை உயர்த்துவார்கள். பலகை நிமிர்ந்தால் டிரைவருக்கு முன்னால் எதுவும் தெரியாது, அதனால்தான் அந்த உயரம். மேக்னாவில் நீந்தும் வண்டிக்குப் பலகையை மடித்து வைத்திருப்பதையும், வயலில் நிற்கும் வண்டிக்கு நிமிர்த்தி வைத்திருப்பதையும் நல்ல பெயிண்ட் வேலைக்கு நடுவிலேயே பார்த்திருக்கிறேன். டரட்டின் மேல் மூடியும் அப்படித்தான்: பெரிய நீள்வட்ட மூடி, முன்பக்கமாகத் திறக்கும். திறந்து வைத்தால் முன்னாலிருந்து பார்க்கிறவருக்கு ஆள் மறைந்துபோவார்.

இங்க வருஷத்துல ரெண்டு மழை. பெயிண்ட் எப்போ அடிக்க?

ஜனவரி முதல் மார்ச் வரை. ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடித்தால் வெள்ளை பூக்கும், வண்டி பெயிண்டர் யாரைக் கேட்டாலும் சொல்வார். அப்போது அக்ரிலிக் அடியுங்கள், பூச்சுக்குப் பூச்சு நன்றாகக் காய விடுங்கள். என்.சி. தின்னர் கிட்டின் பிளாஸ்டிக்கையே தின்னும், பிளாஸ்டிக் ஃபிரேமில் ஒரு துண்டில் சோதித்துப் பார்க்காமல் தொடாதீர்கள். முட்டம், மணக்குடி மாதிரி கடலோரம் வீடு என்றால் பித்தளைத் தகட்டுப் பாகங்களுக்கு அன்றைக்கே பிரைமர். உப்புக்காற்று காத்திருக்காது.

நிறம் ஆலிவ் பச்சை. நம்பர், சின்னம் எல்லாம் படத்தில் பார்த்ததை மட்டும் போடுங்கள்.

கன்னியாகுமரியில பாக்கெட்ல விக்கிற கலர் மணல் டயோரமாவுக்கு ஆகுமா?

பார்க்க அழகு, டயோரமாவுக்கு, அதாவது மாடலைச் சுற்றி அமைக்கும் காட்சிக்கு, பொருந்தாது. அந்தச் சிவப்பும் கறுப்பும் கார்னெட், இல்மனைட் தாதுக்கள். வங்காள வயல் வண்டல் பூமி, சாம்பல் கலந்த பழுப்பு. கடற்கரையில் நீங்களே மண் அள்ளவும் வேண்டாம். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் மோனசைட் கலந்திருக்கிறது, அது கதிரியக்கத் தாது; எடுப்பதற்குச் சட்டக் கட்டுப்பாடும் உண்டு. போதாக்குறைக்கு உப்பு ஈரத்தை இழுத்து அடிப்பலகையையும் கெடுக்கும்.

நமக்குத் தேவையானது வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. காய்ந்த குளத்து வண்டலை இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, ஃபெவிகாலும் தண்ணீரும் கலந்து பூசினால் கரீப்பூர் மண் வந்துவிடும். வெடிப்பு விழுந்தால் விழட்டும். வயலில் அறுத்த தாளுக்குத் தேங்காய் நாரை வெட்டி நடுங்கள். நவம்பரில் நம் பக்கம் கும்பப்பூப் பயிர் பச்சையாக நிற்கும், அதைப் பார்த்து அப்படியே வைத்துவிடாதீர்கள். வங்காளத்தில் அது ஆமன் நெல் பழுத்து அறுவடைக்கு வரும் காலம்.

செஞ்சு முடிச்சா எந்தக் குளத்துல விடலாம்?

சுசீந்திரம், தேரூர் குளங்களில் வேண்டாம். பறவைகள் வரும் ஈரநிலம், 2022-ல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம். கோயில் தெப்பக்குளம் என்றால் அனுமதி கேட்காமல் இறக்காதீர்கள். ஆகாயத்தாமரை படர்ந்த குளத்தில் ஜெட் உறிஞ்சுவது வேரைத்தான், ஐந்து நிமிடத்தில் மோட்டார் எரியும். படித்துறை உள்ள, தெளிந்த, காற்று அடங்கிய ஊர்க்குளம் ஒன்றைக் காலையிலேயே பாருங்கள். ஹல்லில் மெல்லிய நைலான் கயிறு ஒன்று கட்டியே விடுங்கள். கடலில் இறக்கும் ஆசை எல்லாருக்கும் வரும், அலை கணக்குக்கு வராது, உப்புத்தண்ணீர் மோட்டாரை அன்றே முடித்துவிடும்.

அசல் டாங்கியை எங்க போய்ப் பார்க்கிறது?

மகாராஷ்டிரத்தில் அகமதுநகரில், இப்போது அகில்யாநகர், இருக்கிற டாங்கி அருங்காட்சியகத்தில் பிடி-76 நிற்கிறது. நாகர்கோவிலிலிருந்து நெடுந்தூரம்தான். போனால் படம் எடுக்க அனுமதி உண்டா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கிடைத்தால் முதலில் பின்பக்கத்துக்குப் போய் ஜெட் மூடிகளின் கீல், பக்கவாட்டுத் துளைகள், எஞ்சின் தட்டின் கம்பிவலை இவற்றை எடுங்கள். முன்பக்கப் படம்தான் எல்லாரிடமும் இருக்கிறதே.